நான் கெடுத்த பால் மரம்

நம் போலீஸ் பாலாய்க்குப் புதுச் சாயம் அடிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். முன்கூடத்துச் சுவரில், முன்னாள் அதிகாரிகளின் படங்களுக்குக் கீழே ஆணியில் தொங்கும் மரத்துண்டைக் கழற்றிவிடலாமா என்று உங்களில் ஒரு தங்கை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். “அங்கிள், இது அழகுக்கா, இல்ல ஏதாவது கேஸ் சாமானா? ரொம்ப அசிங்கமா இருக்குலா” என்று எழுதி, படமும் அனுப்பியிருந்தார்.

அசிங்கமாகத்தான் இருக்கும். அதை அப்படி ஆக்கியவன் நான். கழற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பிறகு உங்கள் இஷ்டம்.

நம் பாலாய் பெரிய பேர் போன இடமில்லை. கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் தோட்டத்துக் காவலுக்காக முள்கம்பிக்குள் போட்ட பலகைக் குடிசைதான் அதன் ஆரம்பம். பிறகு தகரக் கூரை வந்தது, பிறகு செங்கல் சுவர். நான் மாற்றலாகி வந்தபோது ஒரு லாக்கப், ஒரு ஜீப், சுற்றினால் முனகும் ஒரு விசிறி, வாசலில் ஒரு நீளப் பெஞ்சு. இவ்வளவுதான் நிலையம். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் புகார் கொடுக்க வந்தவர்கள் அல்ல, கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வந்தவர்கள். யோசித்து முடித்ததும் எழுந்து போய்விடுவார்கள். நாங்கள் பிடித்த திருடர்களைவிட அந்தப் பெஞ்சு தீர்த்துவைத்த சண்டைகள் அதிகம். இன்று நீங்கள் பார்க்கும், எண்ணெய் எடுக்கும் செம்பனையும் வீடமைப்புப் பகுதியும் அப்போது இல்லை. நான்கு பக்கமும் பால் மரம், அதாவது ரப்பர். கூலிம் ஹைடெக் பூங்காவின் தொழிற்சாலை பஸ்கள் அப்போதுதான் தோட்டத்து வாசலில் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்றாம் படிவத்தோடு என் படிப்பு நின்றது. வீட்டில் சோறு போதவில்லை. எனக்கும் ஓர் இடத்தில் இருக்கக் கால் ஒப்பவில்லை. பாலிங் பக்கம் பலகை ஆலையில் இருந்தேன். குவாலா கெடாவில் மீன் படகில் ஏறினேன். இடது சுண்டு விரலின் நுனி அங்கே போயிற்று. அலோர் ஸ்டாரில் நெல் லாரியில் மூட்டை ஏற்றினேன். முன்பல் இரண்டு அங்கே போயின. நடுவில் மூன்று மாதம், இதே தோட்டத்தில், பால் வெட்டினேன்.

பால் மரத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டையை மேலிருந்து கீழாகச் சாய்வாக, மெல்லிசாகச் சீவ வேண்டும். பால் அந்தக் கோட்டில் வழிந்து மங்கு என்ற கிண்ணத்தில் விழும். உள்ளே இருக்கும் கட்டையைக் கத்தி தொட்டுவிடக் கூடாது. தொட்டால் மரத்துக்குக் காயம். ஆறும்போது அந்த இடம் கட்டி கட்டியாக வீங்கிக்கொள்ளும். பிறகு எந்தக் கெட்டிக்காரர் வந்தாலும் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. எனக்குப் பொறுமை இல்லை. மூன்று மாதத்தில் முப்பது நாற்பது மரத்தைக் கெடுத்தேன். வெள்ளிக்கிழமை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என் மரங்களைப் பார்வையிட வருகிறார் என்று தெரிந்தது. வியாழக்கிழமையே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அப்புறம் போலீசில் சேர்ந்தேன். வேறு மாநிலங்களில் சுற்றிவிட்டு, பதினைந்து வருடம் கழித்து மாற்றல் கடிதத்தைப் பிரித்தால், அதே தோட்டத்து வாசலில் உள்ள பாலாய். இதற்குள் எனக்கு மீசை வந்திருந்தது, உடம்பு போட்டிருந்தது, தலையில் தொப்பி இருந்தது. யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நம்பினேன். ஊர் கேட்டவர்களிடம் கூலிம் டவுன் என்றேன். பால் வெட்டியதில் எனக்கு வெட்கமில்லை. ஓடிப்போனதில்தான் வெட்கம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, தோட்டத்திலிருந்து நான்கு கல் தள்ளி இருக்கும் கடைத்தெருவில், மளிகைக் கடை முதலாளி குனிந்து கதவைத் திறந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒருவன் கட்டையால் அவர் தலையில் அடித்து, தோள்பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் தலையில் தையல் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். முதலாளிக்கு நினைவு திரும்பியதும் வாயில் வந்த பேர் சேகர்.

“அவன்தாங்க. பால் கறை படிஞ்ச சட்டை, மூஞ்சியில துண்டு. நேத்துதானே என் கடையில வந்து ஆடிட்டுப் போனான்!”

ஆடியது உண்மை. சேகர் பதினேழாம் நிரைக்காரர். ஒரு வெட்டுக்காரருக்கென்று ஒதுக்கிய மரங்களை நிரை என்பார்கள். இருபத்தாறு வயது, வாய் கொஞ்சம் அதிகம். முதல் நாள் சாயங்காலம், வாங்கிப்போன பருப்பில் புழு நெளிகிறது என்று கடைக்குத் திரும்பி வந்து, பொட்டலத்தைப் பிரித்து முதலாளி மேசையில் கொட்டிவிட்டுப் போயிருந்தார். கடைத்தெருவே பார்த்தது. அதே வாரத்தில்தான் அவருக்கு ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையிலிருந்து வேலைக் கடிதமும் வந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். கேஸ் பதிவானால் அந்தக் கடிதம் வெறும் காகிதம்.

விசாரணைக்கு வட்டாரத் தலைமையகத்திலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். ஜோகூர்க்கார மலாய்க்காரர், இளவயது, நியாயமான மனிதர். பால் மரத்தை பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்த்தவர். சேகரைக் கூட்டிவந்து கேட்டார். “நான் காட்டுல மரத்தோட இருந்தேன், துவான்” என்றார் சேகர். பால் மரம் நிற்கிற இடத்தைத்தான் காடு என்பார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெரட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். பெரட்டு என்பது விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. செவ்வாய்க்கிழமைக்குச் சேகர் பேருக்கு நேரே ‘வந்தார்’ என்று குறி இருந்தது. பதினேழாம் நிரை முழுக்க வெட்டியாகிவிட்டது என்றும் எழுதியிருந்தது.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தலையாட்டினார். “அப்படியானால் இவன் இல்லை” என்று மூடப்போனார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன்.

“துவான், இந்தப் புத்தகத்தை நம்பக் கூடாது. இங்கே புருஷன் பேரில் பெண்டாட்டி வெட்டுவாள். பெரட்டில் தலையைக் காட்டிவிட்டு ஆள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நிரை வெட்டியாகியிருக்கும். மண்டோர் கண்டுகொள்ள மாட்டார்.”

இன்ஸ்பெக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “நீ தோட்டத்து ஆளா?”

“இல்லை துவான். டவுன். கேள்விப்பட்டது.”

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, தம்பிகளே. ஊரைப் பற்றிச் சொன்னதைத் தவிர. தோட்டத்தில் அது நாள்தோறும் நடக்கிற காரியம். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை அது நடந்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததை அதிகாரி முன் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். இன்ஸ்பெக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: “உன் மனைவி உன்னோடு வெட்டுவதுண்டா?” சேகர் மறைக்கவில்லை. “உண்டு துவான். பாதி நிரை அவதான். ஆனா நேத்து ராத்திரியிலேருந்து அவளுக்குக் காய்ச்சல், வீட்டுல படுத்திருக்கா. இன்னைக்கு நான் ஒருத்தனே வெட்டினேன்.”

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடினார். லாக்கப் கதவை நான்தான் பூட்டினேன். கம்பிக்குப் பின்னாலிருந்து சேகர் கேட்டது ஒன்றே ஒன்று: “அண்ணே, உங்களுக்கு என் மேல என்னண்ணே கோவம்?”

புதன்கிழமை காலை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினோம். நான்கு நாள் காவல் கிடைத்தது. மத்தியானம் நான் கவுண்டரில் தனியாக இருந்தபோது சேகரின் மனைவி தனம் வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. காய்ச்சலில் கண் சிவந்திருந்தது, கம்பளியைப் போர்த்தியிருந்தார். கவுண்டர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பொண்டாட்டி வெட்டியிருப்பான்னு சொன்னது நீங்கதானே?”

“விசாரணைதாம்மா…”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நீங்கதானே?”

“ஆமா.”

“போய் மரத்தைப் பாத்தீங்களா?”

நான் கவுண்டரில் கிடந்த புத்தகத்தை நகர்த்தி வைத்தேன்.

“பாக்கல. அவரு வெட்டுனா மேல வெச்ச கத்தி கீழதான் நிக்கும். சீவல் ஒரே நாடா மாதிரி விழும். எனக்குத் தோள்பட்டை சரியில்ல, நடுவுல ஒரு தரம் நிறுத்தித்தான் வெட்டுவேன். பட்டையில படி விழும், சீவல் துண்டு துண்டா கெடக்கும். எது அவரு வெட்டு, எது என் வெட்டுன்னு கண்ணு தெரியாதவன்கூட தடவிப் பாத்துச் சொல்லுவான். நீங்க தொப்பிய கழட்டாம இங்கயே ஒக்காந்து சொல்லிட்டீங்க.”

“நான் போய்ப் பார்க்கிறேன்மா.”

“எப்ப? எங்க நிரை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. நாளைக்கு விடிஞ்சா பதினேழுல வேற ஆளைப் போடப்போறாரு மண்டோர். அவன் ஒரு சீவு சீவினா நேத்து வெட்டு போயிடும். அப்புறம் நீங்க சாமியக் கூட்டியாந்தாலும் ஒண்ணும் தெரியாது.”

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. விடிவதற்குள் பார்த்தாக வேண்டும். பார்ப்பது நானாக மட்டும் இருந்தால் போதாது. கவுண்டருக்கு வேறு ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் காட்டுக்குப் போனேன்.

பதினைந்து வருடமாகக் கால் வைக்காத இடம். பதினேழாம் நிரையின் முதல் மரத்தருகே குந்தினேன். வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை உரித்தேன். கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே வழுவழுப்பு. மரத்தடியில் சீவல், ஒரு முழ நாடாபோல் சுருண்டு கிடந்தது. அது மேல் பாதி நிரை, சேகர் வழக்கமாக வெட்டும் பக்கம். ஓடினேன், கீழ்க்கோடி மரங்களுக்கு. அங்கேயும் ஒட்டுப்பாலை உரித்தேன். அதே வழுவழுப்பு. மரத்தடியில் இரண்டு வகைச் சீவல் கிடந்தன. அடியில் ஞாயிற்றுக்கிழமை விழுந்தது: துண்டு துண்டாக, பழுப்பேறி. அதன் மேல் செவ்வாய்க்கிழமை விழுந்தது: நீள நாடா, இன்னும் நிறம் மாறாமல். ஐந்து மரம், பத்து மரம், இருபது மரம் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான்.

ஏறக்குறைய நானூறு மரத்தை ஒரே ஆள் விடியலில் தொடங்கி வெட்டினால் ஒன்பது மணிவரை தலை நிமிர நேரமிருக்காது. நான்கு கல் போய் ஒருவரை அடித்துவிட்டு நான்கு கல் திரும்பி வந்திருக்க முடியாது. சேகர் சொன்னது சத்தியம்.

பாலாய்க்கு விரட்டி வந்தேன். இன்ஸ்பெக்டர் பைலைக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

“நேற்று புத்தகத்தை நம்பாதே என்றாய். இன்று பட்டையை நம்பு என்கிறாய். கோர்ட்டில் நான் என்ன சொல்வது? டவுன்காரக் கான்ஸ்டபிள் ஒருவன் சீவலைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தான் என்றா?”

“நான் இல்லை துவான். பட்டை பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறார். நீங்களே சோதித்துப் பாருங்கள். தவறினால் நான் இதைப் பற்றி வாயே திறக்கமாட்டேன்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது எதற்கென்று அவருக்குப் புரிந்திருக்காது. “ஒரு மணி நேரம்” என்றார்.

நான் சொன்ன ஆள் பாக்கியம் அக்கா. அந்தத் தோட்டத்தில் அவரைவிட நன்றாகப் பால் வெட்டியவர் கிடையாது. புதிதாக வருகிறவர்களின் மரத்தை மண்டோரே அவரைக் கேட்டுத்தான் நல்லது கெட்டது சொல்வார். சேகருக்குச் சொந்தமும் இல்லை. பார்க்கப்போனால் அவருக்குச் சேகரை ஆகாது. ஜீப்பில் ஏறும்போதே சொன்னார்: “அந்தப் பயலுக்கு வாய் நீளம். நாலு நாளு உள்ள இருக்கட்டும்னுதான் நெனச்சேன். ஆனா மரத்தப் பத்திப் பொய் சொல்ல என்னால ஆவாது.”

காட்டில் இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரத்தனமாகத்தான் நடந்துகொண்டார். முதலில் பதினேழுக்குப் போகவில்லை. பக்கத்து நிரைகளுக்குள் நுழைந்து, நினைத்த இடத்தில் நின்று, நினைத்த மரத்தைத் தொட்டு, “இது யார்?” என்று கேட்டார். மண்டோர் நிரைப் பட்டியலோடு தள்ளி நின்று சரிபார்த்தார். பாக்கியம் அக்கா தமிழில் சொல்ல, நான் மலாயில் சொன்னேன்.

“இது முனியம்மா. பட்டைய ரொம்ப தடிசா எடுப்பா.”

மண்டோர் தலையாட்டினார்.

“இது அந்தப் புதுப் பய. சாய்வு சரிஞ்சு போயிருக்கு பாருங்க.”

“சரி.”

“இது புருஷன் ஒரு நாளு, பொண்டாட்டி ஒரு நாளு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லபோல, ஆளுக்கொரு சாய்வு.”

மண்டோர் சிரித்துவிட்டு, சரி என்றார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. இன்னும் உள்ளே நடந்தார். அந்தத் திசை எனக்குத் தெரியும். அவர் ஒரு பழைய மரத்தின் முன் நின்றார். ஆள் உயரத்துக்கு, பட்டை முழுக்கக் கட்டி கட்டியாக, குஷ்டம் பிடித்ததுபோல் வீங்கியிருந்தது.

“இது?” என்றார். “பழைய காயம். இதை யார் செய்தது என்று சொல்லட்டும் பார்ப்போம். பட்டியலில் இருக்காது. மண்டோரும் உதவ முடியாது.”

பாக்கியம் அக்கா அந்த மரத்தைத் தொடக்கூட இல்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“இதுவா? இத ஒரு நாய் வெட்டிச்சு. மூணு மாசம் இருந்துட்டு, மண்டோர் பாக்க வர்றாருன்னதும் ராவோட ராவா ஓடிப்போச்சு. அந்த நாய்தான் இப்ப தொப்பி போட்டுகிட்டு உங்க பக்கத்துல நிக்குது.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். “என்ன சொல்கிறார்?”

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். துப்பாக்கி முனையில் நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் யோசிக்க ஒன்றுமிருக்காது, கால் தானாக வேலை செய்யும். ஆனால் அன்று மரத்தடியில் யோசிக்க நேரமிருந்தது, அதுதான் ஆபத்து. உண்மையைச் சொன்னால் அதிகாரியிடம் பொய் சொன்னவன் ஆவேன். தோட்டத்தில் ஓடுகாலி என்று பேராகும். என் வாய் முந்திக்கொண்டது.

“யாரோ பழைய ஆளாம், துவான். நினைவில்லையாம்.”

பாக்கியம் அக்காவுக்குக் கடைத்தெருவில் பேசும் பசார் மலாய் நன்றாகவே வரும் என்பதை மறந்துவிட்டேன். அவர் விரலை என் மார்புக்கு நேரே நீட்டினார்.

“துவான்! டியா போஹோங்! இனி ஓராங் போத்தோங்!” இவன் பொய் சொல்கிறான், வெட்டியது இந்த ஆள்தான் என்று காடு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், தணிந்த குரலில் சொன்னார்: “நீ வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்டா தம்பி. பொழைச்சிட்டுப் போகட்டும்னு விட்டேன். இப்ப நீ இல்லன்னு சொன்னா நான் சொன்னது தப்பாயிடும். நான் தப்புன்னா அந்தப் பய உள்ளதான். பாத்துக்கோ.”

கணக்கு அவ்வளவுதான். நான் மறுத்தால் அவர் சோதனையில் தோற்றார், சேகர் தோற்றார். மூன்று மாதம் பால் வெட்டிவிட்டு ஓடிய ஒரு பையனின் மானத்தைக் காப்பாற்ற இன்னொருவரைச் சிறைக்கு அனுப்புவதா?

“ஆமாம் துவான்” என்றேன். “இந்த மரத்தை வெட்டியது நான். பதினைந்து வருடத்துக்கு முன். டவுன் என்று சொன்னது பொய். இதோ, அடுத்த மரமும் என்னுடையதுதான். அதற்கடுத்ததும். இந்த வரிசை முழுக்க.”

இன்ஸ்பெக்டர் மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுத்த மரத்தைப் போய்ப் பார்த்தார். அங்கேயும் அதே கட்டிகள். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். மண்டோர் சிரித்தார். பாக்கியம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “சிரிக்கிறீங்க. அந்த மரத்துக்குல்ல தெரியும் வலி” என்றார்.

“பதினைந்து வருடம் கழித்தும் ஆளைச் சொல்கிறார்” என்று கண்ணைத் துடைத்தார் இன்ஸ்பெக்டர். “ஒரு நாள் கழித்துச் சொல்லமாட்டாரா? பதினேழைக் காட்டு.”

பதினேழாம் நிரையில் அவர் தன் கையாலேயே ஒட்டுப்பாலை உரித்தார். மேல்கோடியில் ஆறு மரம், நடுவில் ஆறு, கீழ்க்கோடியில் ஆறு. பாக்கியம் அக்கா ஒவ்வொன்றிலும் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துவிட்டு, “சேகரு… சேகரு… சேகரு” என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசி மரத்தடியில் இன்ஸ்பெக்டர் குனிந்து, பழைய துண்டுகளை ஒரு கவரிலும் நீள நாடாக்களை ஒரு கவரிலும் போட்டுக் கையெழுத்திட்டார்.

“லாக்கப்பில் இருக்கிறவனைக் கொண்டுவந்து வெட்டச் சொல்லிப் பார்க்கலாமே?” என்றார் மண்டோர். “அவன் வேண்டுமென்றே மாற்றி வெட்டலாம்” என்றார் இன்ஸ்பெக்டர். அதை நான் தமிழில் சொன்னதும் பாக்கியம் அக்கா, “அந்த அவசரக் குடுக்கை பொண்டாட்டி மாதிரி நிறுத்தி நிதானமா வெட்டிட்டான்னா, நான் என் ரெண்டு காதையும் அறுத்துக்கிறேன்” என்றார். அது வரைக்கும் போகத் தேவைப்படவில்லை.

ஜீப்பில் பாலாய்க்குத் திரும்பினோம். வாசலில் இறங்கியதும் இன்ஸ்பெக்டர் சொன்னார்: “பொய் சொன்னதற்கு நான் எழுத வேண்டியதை எழுதுவேன். மரத்தடியில் உண்மை சொன்னதையும் சேர்த்தே எழுதுவேன். இப்போது போய்க் கதவைத் திற. பூட்டியவன் நீதானே?”

திறந்தேன். சேகர் வெளியே வந்தார். ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார். “சேகர், தப்பு என்னோடதுதான். பாக்காம சொல்லிட்டேன்” என்றேன். அவர் பதில் சொல்லுமுன் வாசலிலிருந்து பாக்கியம் அக்காவின் குரல் வந்தது.

“இங்க சொல்லி என்ன புண்ணியம்? பூட்டினத தோட்டமே பாத்துச்சு. நாளைக்குப் பெரட்டுல வந்து சொல்லு.”

வியாழக்கிழமை விடியற்காலை சீருடையோடு பெரட்டுக்குப் போனேன். பதினைந்து வருடத்துக்கு முன் நான் பஸ் ஏறியதும் ஒரு வியாழக்கிழமைதான். அறுபது எழுபது பேர் வாளியும் கத்தியுமாக வரிசையில் நின்றார்கள். தனமும் காய்ச்சல் விட்டு வந்து நின்றிருந்தார். மண்டோர் எனக்கு இடம் விட்டார். நான் சொன்னது மூன்று வாக்கியம்தான். பார்க்காமல் பேசி ஒருவரைப் பூட்டினேன். அவர் பேரில் குற்றமில்லை என்று மரத்தில் தெரிந்தது. இதே தோட்டத்தில் மரங்களைக் கெடுத்துவிட்டு ஓடியவனும் நான்தான்.

பிறகு பின்வரிசையில் ஒரு பெண், “அட, அந்த ஒல்லிப் பயலா நீ! எங்க வீட்டுல கம்பளி வாங்கிட்டுப் போனியே!” என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் மண்டோர் புத்தகத்தை விரித்துப் பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

“பதினேழு! சேகர்!”

“இருக்கேன்!”

அந்தக் குரல் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் மோதித் திரும்பி வந்தது. யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் வாளியில் கத்தியைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சேகரும் தனமும் காட்டுக்குள் நடந்தார்கள். அவர் மேல்கோடிக்கும் அவர் மனைவி கீழ்க்கோடிக்குமாகப் பிரிந்து போனதை நான் நின்று பார்த்தேன். திங்கட்கிழமை சேகர் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்.

இரண்டு வாரம் கழித்து, பாடாங் செராயில் வேறொரு கடைக்காரரைப் பின்னாலிருந்து அடிக்கப் போன ஒருவனைத் தெருவே பிடித்துக் கொடுத்தது. பால் கறை படிந்த சட்டை அவன் மேல் இருந்தது, யாரோ கொடியில் காயப்போட்டதைத் திருடியது. எங்கள் முதலாளியின் பையும் அவனிடமே கிடைத்தது. முதலாளி தலையில் கட்டோடு சேகர் வீட்டுக்குப் போனார். புது மூட்டைப் பருப்பும் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். சேகர் அதைப் பிரித்துப் புழு தேடிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாராம்.

இனி அந்த மரத்துண்டு. செம்பனை வைப்பதற்காக அந்தக் காட்டை வெட்டியபோது நான் சார்ஜன் ஆகியிருந்தேன். பாக்கியம் அக்கா ஆள் அனுப்பினார்: “உன் மரத்த நாளைக்குச் சாய்க்கிறாங்க. வந்து பாத்துட்டுப் போ.” போனேன். ரம்பக்காரரிடம் சொல்லி, கட்டிகள் அதிகமுள்ள இடத்தில் ஒரு துண்டு அறுத்து வாங்கினேன். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து போட்டு, வார்னிஷ் பூசினேன். அந்த இன்ஸ்பெக்டர் பெரிய பதவிக்குப் போய், ஒருமுறை நம் பாலாயைப் பார்வையிட வந்தார். மேசைக்கு அடியில் கிடந்த துண்டை அவர்தான் எடுத்து, ஆணி கேட்டு வாங்கி, தன் கையாலேயே அதிகாரிகள் படத்துக்குக் கீழே அடித்தார். “இவரும் இங்கே வேலை செய்தவர்தான்” என்றார்.

ஆகவே தங்கையே, உங்கள் கேள்விக்குப் பதில்: அது கேஸ் சாமான். இப்போது உங்களுக்குக் கடைத்தெருவெங்கும் கேமரா இருக்கிறது, கைப்பேசி எங்கே போனது வந்தது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. நல்லதுதான். ஆனாலும் என்றைக்காவது ஓர் அதிகாரி முன்னால் நின்று, இந்த ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று நீங்கள் வாயைத் திறக்கும் நாள் வரும். அப்போது தலையைத் தூக்கினால் கண்ணில் படுகிற இடத்தில் அது இருக்கட்டும்.

சாயம் அடிக்க வேண்டுமென்றால் இரண்டு நாள் கழற்றி வையுங்கள். திரும்ப மாட்டும்போது கட்டி இருக்கும் பக்கம் வெளியே தெரிய வேண்டும். பாக்கியம் அக்கா இன்னும் இருக்கிறார், சிடாம் கிரியில் மகள் வீட்டில். சரியாக மாட்டியிருக்கிறீர்களா என்று பார்க்க, அடுத்த மாதம் நானே அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.